இதயத் தழும்பும் நோயாளியின் உரிமையும்

மாரடைப்பிலிருந்து உயிர் தப்பி வீடு திரும்பியவர்களுக்குச் சில வாரங்கள் கழித்து எக்கோ எடுத்துப் பார்த்து, "பம்பிங் குறைந்திருக்கிறது" என்று வைத்தியர் சொல்லும்போது, அடைப்பை நீக்கி ஸ்டென்டும் வைத்தான பிறகு இந்தக் குறை எங்கிருந்து வந்தது என்று அவர்களும் குடும்பத்தாரும் கலங்குவது இயற்கையே. ரத்தம் கிட்டாமல் இறந்துபோன தசையின் ஸ்தானத்தில் புதிய தசை வளரவில்லை, கொலாஜன் என்னும் நாரால் ஆன தழும்பே விழுந்திருக்கிறது. இதயத்தசை அணுக்கள் 25 வயதில்கூட ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 1 வீதந்தான் புதிதாகத் தோன்றுகின்றன. 75 வயதில் அதிலும் பாதிக்குக் கீழே இறங்கிவிடுகிறது.

இந்தத் தழும்பு விழுவதில் பெரும்பங்கு, நம் சரீரத்தைக் காக்கும் எதிர்ப்பு அணுக்களுடையது. அப்படி அணுக்கள் உண்டென்பதை, 1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில், நட்சத்திரமீனின் குஞ்சில் குத்திய முள்ளை நடமாடும் அணுக்கள் சூழ்ந்துகொள்வதைக் கண்டு உலகுக்குச் சொன்னவர் ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப். மாரடைப்பு நேர்ந்த சில மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில்கள் என்னும் எதிர்ப்பு அணுக்கள் வந்து சேர்கின்றன. எலும்பு மஜ்ஜையிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் புறப்படும் மோனோசைட்டுகள் அவற்றைத் தொடர்ந்து வந்து, மாக்ரோஃபேஜ்களாக மாறி, செத்த தசையை விழுங்கி அப்புறப்படுத்துகின்றன. சில நாட்களில் இந்த மாக்ரோஃபேஜ்களின் சுபாவம் மாறுகிறது. அழித்துக்கொண்டிருந்தவை, நார் நெய்யும் அணுக்களைத் தூண்டும் ரசாயனங்களைச் சுரந்து, காயத்தை மூடும் காரியத்தில் இறங்குகின்றன. இந்த நார் உரிய காலத்தில் உறுதிப்படாவிட்டால் இதயச்சுவர் கிழிந்து மரணம் சம்பவிக்கலாம். அளவு மீறிப் படர்ந்தாலோ, நல்ல தசையும் விறைத்து, இதயம் செயலிழக்கும் நிலை உண்டாகிறது.

ஆகையால் எதிர்ப்பு அணுக்களை அடக்கிவிட்டால் இதயம் தப்பிவிடும் என்று எண்ணுவது அபாயகரமான எண்ணம். 1970-களில் மாரடைப்பு நோயாளிகளுக்கு ஸ்டீராய்டைத் திரும்பத் திரும்பச் செலுத்திப் பார்த்தபோது, சேதம் குறைவதற்குப் பதிலாக அதிகரித்ததையே மருத்துவர்கள் கண்டார்கள். 2017-இல் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் சோதிக்கப்பட்ட கனாகினுமாப் என்னும் மருந்து, அழற்சியைத் தணித்து மறு மாரடைப்பை ஓரளவு குறைத்தது உண்மை. ஆனால் தொற்றுநோயால் இறந்தவர்களின் வீதம் சற்று உயர்ந்தது. மாரடைப்பு கண்டவர்கள் மூட்டுவலிக்கென்று ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி விழுங்குவதும் விலக்கத்தக்கது.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 2019-இல், எதிர்ப்பு அணுக்களையே பழக்கி, நார் நெய்யும் அணுக்களை அழிக்கச் செய்து, எலிகளின் இதயத் தழும்பைக் குறைத்துக் காட்டினார்கள். அற்புதமான முயற்சிதான், எனினும் எலியிடம் பலித்தது மனிதருக்குச் சிகிச்சையாக நெடுங்காலம் பிடிக்கும். தழும்பைக் கரைப்பதாகவும் ஸ்டெம் செல் ஊசியால் தசையை வளர்ப்பதாகவும் சொல்லி லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம் ஏமாறுகிறவர்களை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, இதயநோய்க்கு ஸ்டெம் செல் பிரயோகம் முறையான ஆராய்ச்சியாக மட்டுமே நடக்கலாம். அதைச் சிகிச்சையென்று விற்பது முறைகேடு. புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் குறித்த 2019-ஆம் ஆண்டு விதிகளோ, சோதனையில் சேர்பவருக்கு எழுத்து மூலமான சம்மதம், எப்பொழுது வேண்டுமானாலும் விலகும் சுதந்திரம், சோதனையால் தீங்கு நேர்ந்தால் நஷ்டஈடு ஆகியவற்றை உரிமையாக்குகின்றன. சோதனையென்று சொல்லிப் பணம் கட்டச் சொன்னால், அந்தச் சோதனையின் பதிவேட்டு எண்ணைக் கேளுங்கள். வேறொரு வைத்தியரின் அபிப்பிராயத்தை நாடுகிறவர்கள், தங்கள் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர மருத்துவர் கடமைப்பட்டவர்.

இன்று நம் கைக்கு எட்டும் நிவாரணம் ஆடம்பரமற்றது. ஏசிஇ தடுப்பான், பீட்டா தடுப்பான், ஸ்பைரோனோலாக்டோன் முதலிய மாத்திரைகள், யாருக்கு எது பொருந்துமென்று வைத்தியர் நிர்ணயித்தபடி இடைவிடாமல் உட்கொள்ளப்பட்டால், இதயம் மேலும் பருத்து நலிவதைப் பெரிதும் தடுக்கின்றன. உடம்பு தேறிவிட்டதென்று நாமே அவற்றை நிறுத்துவது பெருந்தவறு.

இவை எல்லாவற்றினும் முக்கியமானது முதல் சில மணி நேரம். தழும்பின் அளவு பெரும்பாலும் அப்பொழுதே தீர்மானமாகிறது. அவசர நிலையில் வந்தவரைக் காப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று 1989-இலும், உரிய நேரத்தில் சிகிச்சை தர அரசு மருத்துவமனை தவறுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவை மீறுவதாகும் என்று 1996-இலும் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நெஞ்சு வலியை வாயுவென்று கருதிச் சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக்கொண்டு விடியட்டுமென்று காத்திராமல், உடனே 108-ஐ அழையுங்கள், ஈ.சி.ஜி. எடுக்கும் இடத்துக்கு நோயாளியைக் கொண்டு சேருங்கள்.