விரலைக் கவ்வும் பின்னல்

விசைத்தறி ஓடும் வெண்ணந்தூருக்குப் பின்னலைப் பற்றிப் பாடம் எடுக்க முடியுமா? ஆனால் அந்த ஊர்க்காரரும் வாய்பிளக்கும் பின்னல் ஒன்று ஆபரேஷன் தியேட்டருக்குள் தொங்குகிறது. வாங்க, எட்டிப் பார்ப்போம்!

விரலில் மாட்டும் சின்ன வலைக்கூடு அது. இழுக்க இழுக்க இறுகும், தளர்த்தினால் விட்டுவிடும். நோயாளியின் விரல்களை அதில் மாட்டி, கையை மேல்நோக்கித் தொங்கவிடுகிறார்கள். நாலைந்து கிலோ இழுப்பு! இந்தக் கூத்தெல்லாம் மணிக்கட்டு எலும்புகளுக்கு நடுவே கொஞ்சம் சந்து திறக்கத்தான். அதற்குள் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கேமராக் குழாய் நுழைகிறது. 1979-லேயே டாக்டர் யுங் செங் சென் இந்த வித்தையைப் பற்றி எழுதிவிட்டார். கை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்தால், துணிச்சல்காரர்கள் தங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தைத் தாங்களே திரையில் பார்க்கலாம். எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது.

அங்கே எட்டு குட்டி எலும்புகள். படகு போல ஒன்று, பிறை போல பக்கத்தில் ஒன்று. பைக்கிலிருந்து விழும்போது உள்ளங்கையை ஊன்றுகிறோமே, அப்போது இந்த இரண்டையும் கட்டி வைத்த ஜவ்வு கிழியலாம். எக்ஸ்ரேயில் இடைவெளி மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும்; அதை உறுதிசெய்யத்தான் அந்தக் கேமராக் குழாய். அந்த எக்ஸ்ரே அடையாளத்துக்கு டாக்டர்கள் வைத்த பெயர் டெர்ரி தாமஸ். முன்பல் சந்தால் புகழ்பெற்ற ஆங்கிலேயச் சிரிப்பு நடிகர்!

காயம் புதிது என்றால் எலும்புகளைச் சேர்த்து மெல்லிய கம்பிகள் குத்தி, நூல் கோத்த குட்டி ஆணியை எலும்பில் இறக்கி ஜவ்வைத் தைப்பார்கள். அறுந்த பாவு நூலை உடனே முடிச்சுப் போடுவது மாதிரி. நாள்பட்டால் ஜவ்வு தையலைத் தாங்காது. அப்போது முன்கைத் தசைநாணில் ஒரு கீற்றை உரித்து, படகு எலும்பில் துளையிட்டுக் கோக்கிறார்கள். இத்தாலியின் புருனெல்லி 1995-ல் சொன்ன வழி இது. நம் பக்கம் கை அறுவை சிகிச்சைக்குப் பழைய பெருமை உண்டு: 1940-களின் இறுதியிலேயே வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். இன்று சென்னை ஸ்டான்லி, கோவை கங்கா மருத்துவமனைகள் கைக்கென்றே பெயர் எடுத்தவை.

தியேட்டர் வேலை ஒன்றிரண்டு மணி நேரம். பொறுமைக்கு வேலை அதன் பிறகுதான். கம்பிகள் சுமார் எட்டு வாரம். எடுத்ததும் கை விறைத்துக் கிடக்கும். டார்ட் அம்பு எறிகிற சாய்வில் மெல்ல அசைத்துப் பழக்குவார்கள். பாரம் தூக்க ஆறு மாதமாவது ஆகும். பழைய வளைவு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். ஆனாலும் டென்னிஸ் வீரர் டெல் போத்ரோ இடது மணிக்கட்டில் 2014, 2015-ல் மூன்று அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டு, 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார்!

எல்லாக் கிழிசலுக்கும் கத்தி வேண்டாம். சிலவற்றுக்கு மணிக்கட்டுப் பட்டையே போதும். ஆனால் கிழிந்ததைக் கவனிக்காமல் விட்டால் வருடங்கள் கழித்துத் தேய்மானம் வரும். அதனால் விழுந்த கை இரண்டு வாரமாகியும் வலித்தால், சுளுக்கு வழிக்கப் போகாதீர்கள். எலும்பு டாக்டரிடம், "முஷ்டியை மடக்கி, ரெண்டு கைக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பாக்கலாங்களா?" என்று கேளுங்கள்.