சமாதான காலமும் விழித்திருத்தலும்

கர்த்தருடைய இரண்டாம் வருகையைக் குறித்த பிரசங்கம் நம் சபைகளில் எப்பொழுது பிறக்கிறது, எப்பொழுது மறைகிறது என்பதைக் கவனித்துப் பார்த்தால் ஆயர்களாகிய நாம் சற்று நாணவேண்டியிருக்கும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு மறுநாளாகிய ஞாயிற்றுக்கிழமை காலையில், அமைதியாயிருந்த கடல் எழும்பிக் கரையேறியது. அதை அடுத்த வாரங்களில் நானறிந்த ஆலயங்களிலெல்லாம் மத்தேயு 24ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. 2020இல் கொள்ளைநோய் பரவி ஆலயக் கதவுகள் அடைபட்டபோதும் அவ்வாறே நடந்தது. கதவுகள் திறந்தன, அந்த அதிகாரம் மூடிற்று.

இதில் என்னை விலக்கிக்கொள்ள இயலாது. 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நானும் தொடர்ந்து சில வாரங்கள் வருகையைக் குறித்துப் பிரசங்கித்தேன். ஓராண்டு கழிந்து ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, வயது முதிர்ந்த விசுவாசி ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, “ஐயா, அன்னைக்கு ஆண்டவர் வாராரு வாராருன்னு சொன்னீங்களே, இப்பம் அவரு வரலையா?” என்று வினவினார். அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவருக்கு அன்று சொல்லாத மறுமொழியைத்தான் இக்கட்டுரையில் காலந்தாழ்த்தி எழுதுகிறேன்.

புதிய ஏற்பாட்டை ஊன்றிப் படிப்போருக்கு ஒன்று தெளிவாகும். விழித்திருக்கும்படி அது இடும் கட்டளைகளில் மிகக் கூர்மையானவை பேரழிவின் நடுவே நிற்போரை நோக்கியல்ல, நிம்மதியாக வாழ்வோரை நோக்கியே எழுந்தவை. நோவாவின் காலத்தைக் கர்த்தர் எடுத்துக்காட்டும்போது அக்காலத்தாருடைய கொடுமைகளைப் பட்டியலிடவில்லை. புசித்தலையும் குடித்தலையும் பெண் கொண்டு பெண் கொடுத்தலையும் மட்டுமே சொல்கிறார் (மத். 24:37-39). லூக்கா 17:28 லோத்தின் காலத்தைச் சொல்லுமிடத்தில் நடுதலும் கட்டுதலும் சேருகின்றன. இவற்றில் எதுவும் பாவமன்று. நம் சபையார் திங்கள் முதல் சனி வரை செய்வனவும் இவையே.

தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் இதனை இன்னும் நெருக்கமாகச் சொல்கிறார். சமாதானம், பாதுகாப்பு என்று ஜனங்கள் பேசிக்கொள்ளும் வேளையில் அழிவு சடிதியாய் வரும் என்பது 5:3இன் பொருள். தெசலோனிக்கே உரோமப் பெருஞ்சாலையின்மேல் அமைந்த செழிப்பான துறைமுக நகரம். அவ்விரு சொற்களும் உரோம அரசு தன்னைப்பற்றிப் பறைசாற்றிய புகழ்மொழிகளை எதிரொலிப்பன என்று உரையாளர் பலர் கொள்வர். எனவே அப்போஸ்தலர் அங்கே பொய்யர் சிலரைக் கண்டிக்கவில்லை. ஒரு பேரரசு தன் குடிகளுக்குக் கற்பித்திருந்த மனநிலையையே தொட்டுக் காட்டுகிறார். 5:6இல் அவர் கையாளும் ‘கிரேகொரேயோ’ என்ற வினைச்சொல், கண் திறந்திருப்பதை மட்டுமன்றிக் காவல் நிற்பதையும் குறிக்கும். கிரெகோரி என்ற பெயர் இதனின்று வந்ததே.

சர்தை சபைக்கு எழுதப்பட்ட நிருபமும் (வெளி. 3:1-6) இவ்வகையைச் சேர்ந்தது. சர்தையின் கோட்டை செங்குத்தான பாறையின்மேல் நின்றது. அதன்மேல் ஏற ஒருவராலும் இயலாது என்ற துணிவில் அப்பக்கத்தில் காவல் வைக்காமையால், கி.மு. 546ஐ ஒட்டிப் பாரசீக மன்னன் கோரேசின் வீரர்கள் அவ்வழியே ஏறிப் பிடித்தார்கள். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், கி.மு. 214இல், மூன்றாம் அந்தியோகுவின் படையினர் மற்றொரு மதிற்பகுதியில் பறவைகள் அஞ்சாமல் வந்து அமர்வதைக் கண்டு, அங்கே காவலில்லை என்று அறிந்து ஏறினார்கள். ஒரே நகரம், ஒரே குற்றம், இருமுறை. திருடனைப்போல் வருவேன் என்ற எச்சரிப்பு அவ்வூராருக்கு எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. அச்சபையில் உபத்திரவமோ கள்ளப்போதகமோ இருந்ததாக நிருபம் ஒன்றும் கூறவில்லை என்பதும் நோக்கத்தக்கது.

ஆய்க்குடியில் வாழும் எங்களுக்கு இதன் சாயல் அருகிலேயே உண்டு. 2024 மே 17ஆம் நாள் குற்றாலத்துப் பழைய அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அம்மரணத்தைப் பிரசங்க உவமையாக்க எனக்கு மனமில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரைக் குறித்துக் கர்த்தர் சொன்னது (லூக். 13:4) நம் வாயை அடைக்கவேண்டும். அருவியின் இயல்பை மட்டும் சொல்கிறேன். மழை பெய்வது குளிப்பவன் தலைமேலன்று, மலை உச்சியில். கீழே வானம் தெளிந்திருக்கவும் கூடும். ஆதலால் இப்பகுதியார் நீரில் நின்றுகொண்டே அவ்வப்போது மலையை நிமிர்ந்து பார்ப்பார்கள். நீரின் நிறம் மாறுகிறதா என்றும் நோக்குவார்கள். அதற்காக அவர்கள் குளிப்பதை விட்டுவிடுவதில்லை.

இனி, மறுபக்கத்துத் தவற்றையும் ஆராயவேண்டும். இங்கிருந்து மேற்கே தெரியும் அம்மலைத்தொடருக்கு அப்பால் இருப்பது பழைய திருவிதாங்கூர். (1956வரை செங்கோட்டையும் அதைச் சேர்ந்திருந்ததே.) அங்கே நிகழ்ந்த ஒரு வரலாறு நம் குருமாணவர்களில் பலருக்குத் தெரியவில்லை. 1860இல் திருநெல்வேலிச் சீமையில் எழும்பிய உயிர்மீட்சியில் கிறிஸ்தியான்பேட்டை யோவான் கிறிஸ்தியான் அருளப்பனாருக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த அனல் அவர் வழிவந்த ஊழியர் மூலமாக 1873இல் திருவிதாங்கூரைப் பற்றிக்கொண்டது. அதில் முன்னின்றவர்களில் தலையாயவர் யுஸ்துஸ் யோசேப்பு. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861இல் மாவேலிக்கரையில் குடும்பத்தோடு திருமுழுக்குப் பெற்று, சர்ச் மிஷனெரி சங்கத்துக் குருவானவர். ‘வித்துவான் குட்டி’ என்று அவரை அழைத்தார்கள். மணவாளனுக்காக ஏங்கும் மணவாட்டியின் குரலில் வருகையைப் பாடிய அவருடைய மலையாளக் கீர்த்தனையைக் கேரளச் சபைகள் இன்றும் பாடிவருகின்றன.

அந்த ஏக்கம் சில ஆண்டுகளில் கணக்காக மாறிற்று. 1881இல் கர்த்தர் வருவார் என்று அறிவிக்கப்பட்டது. ஐந்தரை ஆண்டு எஞ்சியிருக்கிறது என்ற கணக்கினால் ஊரார் அவர்களை ‘அஞ்சரை வேதக்காரர்’ என்றார்கள். கண்ணீரும் மனந்திரும்புதலும் ஜாதிபேதம் மறந்த ஐக்கியமுமாகத் தொடங்கிய ஓர் இயக்கம் பஞ்சாங்கத்தை நோக்கத் தலைப்பட்டது. 1881 வந்தது, சென்றது. பலர் விலகினார்கள். எஞ்சியோர், கர்த்தர் ஆவிக்குரிய விதமாக வந்துவிட்டார் என்று போதித்து, யுயோமயம் என்னும் தனிச்சபையாக நின்றார்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22ஐக் குறித்துக் காத்திருந்து ஏமாந்ததும் இதற்கு ஒப்பானதே.

யுஸ்துஸ் யோசேப்பை எள்ளி நகைப்பது எளிது. எனக்கோ அவர்மேல் மதிப்பு உண்டு. நாம் வருகையை மறந்திருக்கிறோம். அவர் அதை அளவுக்கு மிஞ்சி நேசித்தார். ஆனால் அவர் தவறு எங்கே என்பதைச் சரியாகக் காணவேண்டும். கணக்குப் பிழையாயிற்று என்பது சிறிய காரியம். நாள் குறித்தல் தானே ஒருவகை உறக்கம் என்பதே பெரிய காரியம். 1881 வரையில் விழித்திருப்பேன் என்பவன் அதற்கு முந்தின இரவுகளைக் கணக்கில் எடுக்கவில்லை. அதற்குப் பிந்தின காலைக்கும் அவனிடத்தில் ஒன்றுமில்லை. வேளையை அறிவது நமக்குரியதன்று என்ற வசனம் (அப். 1:7) நம் ஆவலை அடக்கும் தடை மட்டுமன்று. எந்த நாளையும் வெறும் நாளாக எண்ணவிடாத கிருபையும் அதில் இருக்கிறது. அழிவைக் கண்டால் மட்டும் வருகையைப் பேசும் நாமும், நாள் குறித்தவர்களும், ஒரே பிழையின் இரு முகங்கள். விழிப்பை ஏதோ ஒரு விசேஷ நாளோடு கட்டிவிடுகிறோம்.

பத்துக் கன்னிகைகளின் உவமையைப் பலர் விழிப்புக்கும் உறக்கத்துக்கும் உள்ள வேறுபாடாகப் பிரசங்கிப்பதைக் கேட்டிருக்கிறேன். மத்தேயு 25:5ஐப் பாருங்கள்: மணவாளன் தாமதித்தபோது பத்துப்பேரும் உறங்கினார்கள். புத்தியுள்ளவர்களுக்கு அதற்காகக் கண்டனமில்லை. வேறுபாடு எண்ணெயில் இருந்தது. அது நள்ளிரவுக் கூக்குரல் எழுந்தபின் சேகரிக்கக்கூடியதன்று, கடை திறந்திருந்த பகற்பொழுதிலேயே வாங்கி வைக்கவேண்டியது. ஆகையால் தாமதமும் அமைதியுமான காலம் வீண்காலமன்று. எண்ணெய் வாங்கும் காலம் அதுவே. லூக்கா 12:42இல் உண்மையுள்ள உக்கிராணக்காரனின் அடையாளம் வானத்தை அண்ணாந்து பார்ப்பதன்று, வேலைக்காரருக்குத் தக்க காலத்தில் படியளப்பது. தெசலோனிக்கேயில் வேலையை விட்டுத் திரிந்தோரைப் பவுல் கடிந்துகொண்டதையும் (2 தெச. 3:6-12) இதனோடு சேர்த்து வாசிக்கலாம்.

இதனை ஊழியத்தில் எங்ஙனம் கைக்கொள்வது? புதிதாக ஒன்றும் வேண்டுவதில்லை. அப்பத்தைப் பிட்கும்தோறும் அவர் வருமளவும் அவர் மரணத்தைத் தெரிவிக்கிறோம் (1 கொரி. 11:26). அச்சொற்களை எத்தனை முறை அவசரமாகக் கடந்துபோகிறோம்! விசுவாசப்பிரமாணத்தில் அவர் நியாயந்தீர்க்க வருவதைச் சபையார் வாரந்தோறும் அறிக்கையிடுகிறார்கள். திருவருகைக் காலத்து நான்கு ஞாயிறுகளோ, கீத பவனிக்கும் பண்டிகை ஏற்பாட்டுக்கும் இரையாகின்றன. சபையாண்டு அவற்றைக் கொடுத்தது அதற்காகவன்று. பிறரோடு ஒப்புரவாவதையும் கடனைத் தீர்ப்பதையும் நல்ல உடல்நிலையிலேயே செய்துவிடும்படி சபையாருக்குச் சொல்ல, மரணப்படுக்கை வரையில் ஆயர் காத்திருப்பானேன்?

அந்த மூதாட்டியார் உயிர்த்தெழுதலின் நம்பிக்கையில் உறங்கிப் பல ஆண்டுகளாயின. விழித்திருந்தாலும் உறங்கினாலும் அவரோடேகூட நாம் பிழைத்திருப்போம் என்னும் கருத்தை 1 தெச. 5:10இல் வாசிக்கையில் அவர் முகமே நினைவுக்கு வருகிறது. வருகிற ஆடி மாதத்தில், சாரல் இதமாயிருந்து வயல்களில் பயிர் பச்சைபிடித்து ஊரெங்கும் ஒரு குறையுமின்றியிருக்கும் ஏதேனும் ஒரு ஞாயிறன்று, அந்த அதிகாரத்தையே பிரசங்க வாக்கியமாக எடுத்துக்கொள்ள எண்ணியிருக்கிறேன்.