சட்டம் பயில விரும்பும் பிள்ளைகளுக்கு எந்த நூல்கள்?

மருத்துவம், பொறியியல் என்னும் இரு வாயில்களை மட்டுமே நெடுங்காலம் நோக்கி நின்ற நம் குடும்பங்கள் பல, இன்று சட்டக் கல்வியின் பக்கமும் பார்வையைத் திருப்பியுள்ளன. மகிழ்ச்சிக்குரிய மாற்றம் இது. நாகூரில் பிறந்த நீதிபதி மு.மு. இஸ்மாயீல் அவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகத் திகழ்ந்தார்கள். 1989இல் ஃபாத்திமா பீவி அவர்கள் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார்கள். அவர்கள் பயின்ற நாளில் இல்லாத ஒரு வாயிற்படி இன்றைய பிள்ளைகளின் முன் நிற்கிறது. அதுவே 2008 முதல் நடைபெற்றுவரும் ‘கிளாட்’ எனும் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வு. திருச்சிராப்பள்ளியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் உட்பட, இருபதுக்கும் மேற்பட்ட தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் ஐந்தாண்டுப் படிப்பில் சேர இதில் தேற வேண்டும்.

பிள்ளை விருப்பம் தெரிவித்தவுடன் வீட்டில் நிகழ்வது என்ன? யாரோ ஒருவர் சொன்னார் என்று, தலையணை போன்ற நூல்கள் வந்து குவிகின்றன. பயிற்சி நிலையத்தின் அச்சிட்ட தொகுதிகளுக்காக உம்மாவின் வளையல் அடகுக் கடைக்குச் செல்வதும் உண்டு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் நூலின் முதல் ஐம்பது பக்கங்களில் மட்டுமே பென்சில் கோடுகள் இருக்கும். மற்றவை புது மணம் மாறாமல் அலமாரியில் உறங்கும். செலவான பணத்தைவிட, பிள்ளை இழந்த காலமே பெரிய நட்டம்.

தேர்வு எதை நாடுகிறது?

நூல் வாங்குமுன் தேர்வின் இயல்பை அறிதல் வேண்டும். 2020இல் இத்தேர்வின் அமைப்பு அடியோடு மாறியது. தனித்தனி வினாக்கள் நீங்கி, ஒரு பத்தியைக் கொடுத்து அதன் மீது வினா எழுப்பும் முறை வந்தது. 2023 டிசம்பரில் நடந்த தேர்விலிருந்து வினாக்களின் எண்ணிக்கையும் 150இலிருந்து 120 ஆகக் குறைந்தது. நேரம் இரண்டு மணி. ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகளும் பொது அறிவும், சட்டத் தருக்கம், பொதுத் தருக்கம், கணிதம் என ஐந்து பகுதிகள். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிக்கப்படும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 நிமிடத்தில் 120 வினா என்றால், வினாவுக்கு ஒரு நிமிடம். 450 சொற்கள் கொண்ட ஒரு பத்தியும் அதன்கீழ் ஐந்து வினாக்களும் இருந்தால், எல்லாவற்றுக்கும் ஐந்தே நிமிடம். நிமிடத்திற்கு 150 சொற்கள் படிக்கும் பிள்ளைக்கு வாசிப்பதற்கே மூன்று நிமிடம் போய்விடும். எஞ்சிய இரண்டு நிமிடத்தில் ஐந்து வினாக்களுக்கும் விடையளிக்க வேண்டும். ஆகவே இத்தேர்வு முதன்மையாகச் சோதிப்பது மனப்பாடத்தை அன்று; ஆங்கிலத்தை விரைந்து, பொருளுணர்ந்து வாசிக்கும் ஆற்றலைத்தான். தமிழ்வழியில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு உண்மையான தடை இதுவே. கனத்த சட்ட நூல்களால் இத்தடை நீங்காது.

மூலமும் விரிவுரையும்

மதரஸாவில் கிதாபு ஓதும் முறையை நம் வாசகர்கள் அறிவார்கள். முதலில் மூல நூலான ‘மத்ன்’. பிறகுதான் அதன் விரிவுரையான ‘ஷரஹ்’. மூலத்தைத் தொடாமல் விரிவுரையில் மூழ்குபவருக்கு இரண்டும் கைகூடுவதில்லை. இத்தேர்வுக்கு மூலம் என்பது முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களே. தேர்வை நடத்தும் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு அவற்றைத் தன் இணையதளத்தில் கட்டணமின்றித் தருகிறது. 2020க்குப் பிந்தைய தாள்களை அச்செடுத்து, கடிகாரத்தை முன்வைத்து, ஒரு தாளைப் பிள்ளை எழுதட்டும். எந்தப் பகுதியில் தடுமாற்றம் என்பது தெரிந்தபின், அந்தப் பகுதிக்குரிய நூலை மட்டும் வாங்குவதே முறை.

பகுதிவாரியாக

சட்டத் தருக்கம்: பெற்றோர் பெரிதும் அஞ்சுவதும், வீண்செலவு மிகுவதும் இங்கேதான். சட்டத்தை முன்பே கற்றிருக்க வேண்டும் என்று இத்தேர்வு எதிர்பார்ப்பதில்லை. தேவையான விதி பத்தியிலேயே தரப்பட்டிருக்கும். சான்றாக, ‘பிறர் தவறவிட்ட பொருளைக் கண்டெடுத்துத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்பவர், அதைக் கவனத்துடன் பாதுகாக்கக் கடமைப்பட்டவர்’ என்பது விதி. பேருந்து இருக்கையில் கிடந்த பையைக் கண்ட ஒருவர், அதைத் தொடாமல் இறங்கிப் போகிறார். பின்னர் வந்தவர் எடுத்துச் செல்கிறார். முதலாமவர் பொறுப்பாளியா? எடுத்து உரியவரிடம் சேர்த்திருக்கலாமே என்று நம் மனம் சொல்லும். ஆனால் விதி, பொருளைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டவரையே கட்டுப்படுத்துகிறது. எனவே அவர் பொறுப்பாளி அல்லர் என்பதே விடை. தந்த விதியைத் தந்த நிகழ்ச்சியுடன் பொருத்தும் இப்பயிற்சிக்கு, விளக்கத்துடன் கூடிய ஒரு பயிற்சி நூல் போதும்.

ஆங்கிலமும் நடப்பு நிகழ்வுகளும்: இவ்விரண்டுக்கும் சிறந்த பாடநூல் நாளிதழ். ‘தி இந்து’ அல்லது ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, தலையங்கமும் ஒரு கட்டுரையும் நாள்தோறும் வாசித்து, கருத்தை மூன்று வரியில் எழுதிவரச் செய்யுங்கள். ரென் அண்டு மார்ட்டின் இலக்கண நூல் அடிப்படையைச் செப்பனிட உதவும். ஆனால் இன்றைய தேர்வுக்கு அது மட்டும் போதாது. ஆண்டுமலர்களைப் புரட்டிப் பார்க்கலாம். மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

தருக்கமும் கணிதமும்: ஒரு கூற்று எதை ஆதாரமாகக் கொண்டுள்ளது, எந்தச் செய்தி அதை வலுவிழக்கச் செய்யும் என்பவையே பொதுத் தருக்க வினாக்களின் போக்கு. எண் வரிசையும் இரத்த உறவுப் புதிர்களுமே நிறைந்த பழைய நூல்கள் இதற்கு அதிகம் பயன்படா. கணிதமோ பத்தாம் வகுப்பு அளவிலானது. மொத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மட்டுமே. விழுக்காடு, விகிதம், சராசரி ஆகியவற்றுக்கு வீட்டிலுள்ள பத்தாம் வகுப்புப் பாடநூலைத் தூசு தட்டி எடுத்தாலே பெரும்பகுதி முடிந்துவிடும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

முதலாவது, பதிப்பாண்டு. 2020க்கு முந்தைய வழிகாட்டி நூல் பழைய முறைக்குரியது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அவ்வாறே மாற்றப்பட்டன. இதை அறியாத நூலை மலிவு விலைக்குக் கொடுத்தாலும் பொது அறிவுக்காக வாங்காதீர்கள்.

இரண்டாவது, விடை விளக்கம். ‘அ’ சரி என்று மட்டும் சொல்லும் நூல் ஆசிரியர் ஆகாது. ‘ஆ’ ஏன் தவறு என்பதையும் அது சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நடை. ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். வரிக்கு வரி அகராதி வேண்டியிருந்தால், அந்நூல் இப்போதைக்கு அவருக்குரியதன்று.

நான்காவது, எந்தத் தேர்வுக்கு என்பது. தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ‘ஐலெட்’ என்னும் தனித் தேர்வை நடத்துகிறது. அதன் பகுதிகளும் வினா எண்ணிக்கையும் வேறு. ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கு முழுதும் பொருந்தாது.

பணமும் காலமும்

சில ஆண்டுகளாக இத்தேர்வு டிசம்பர் மாதத்தில் நடைபெறுகிறது. அதாவது பன்னிரண்டாம் வகுப்பு அரசுத் தேர்வுக்குச் சில மாதங்களே முன்பு. எனவே பதினோராம் வகுப்பிலேயே நாளிதழ் வாசிப்பைத் தொடங்கிவிட்டால், கடைசி நேரப் பதற்றமும் அதனால் வரும் பெருஞ்செலவும் குறையும். முந்தைய வினாத்தாள்கள், ஒரு நாளிதழ், சட்டத் தருக்கத்துக்கும் பொதுத் தருக்கத்துக்கும் தலா ஒரு நூல், செய்த பிழைகளைக் குறித்துவைக்க ஒரு குறிப்பேடு ஆகியவை போதுமானவை. மாதிரித் தேர்வுகள் வேண்டுமானால் அளவோடு வாங்கலாம். எழுதிய தாளை மறுநாள் அமர்ந்து ஆராயாமல் அடுத்த தாளுக்கு ஓடுவதால் பயனில்லை.

ஜமாஅத்துகளும் கல்வி அறக்கட்டளைகளும் ஒன்று செய்யலாம். பள்ளிவாசல் நூலகத்தில் ஓர் ஆங்கில நாளிதழையும், தேர்வு முடித்த மாணவர்கள் விட்டுச்செல்லும் நூல்களையும் வைத்தால், ஒரு குடும்பம் வாங்கியது பத்துக் குடும்பங்களுக்குப் பயன்படும். மகளிரும் வந்து படிக்கத்தக்க நேரத்தையும் அங்கே ஒதுக்க வேண்டும்.

இன்னொன்றையும் பெற்றோர் மனத்தில் இருத்திக்கொள்ளல் நலம். இத்தேர்வில் இடம் கிடைக்காவிடில் சட்டக் கல்வியே மூடப்பட்டதாகப் பொருளன்று. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்திலும், மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி முதலிய ஊர்களின் அரசு சட்டக் கல்லூரிகளிலும் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடைபெறுகிறது. ஆதலால் நுழைவுத் தேர்வின் பொருட்டுப் பள்ளிப் பாடத்தைக் கைவிடச் செய்யாதீர்கள்.

பெற்றோரே! அடுத்த முறை நூற்கடைக்குச் செல்லுமுன், பிள்ளையின் கையில் ஒரு வினாத்தாளையும் அன்றைய நாளிதழையும் கொடுங்கள். என்ன வாங்க வேண்டும் என்பதை அவ்விரண்டுமே சொல்லிவிடும்.