உஷார்! ஆவணி வெயிலை நம்பாதீங்க

"காத்து சிலுசிலுன்னு அடிக்குதுங்க, வெயிலே தெரியல!" ஆடி பிறந்துவிட்டால் கோவையில் ஊரே இப்படித்தான் பேசும். தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. உடம்பில் சூடு உறைக்காத அந்த நாட்களிலும் தோலையும் கண்ணையும் பதம்பார்க்கும் கதிர் முழு வீச்சில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். கோவை இருப்பது வட அட்சரேகை 11 டிகிரியில். சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருவது வருடத்தில் இரண்டு முறை. ஒன்று, ஏப்ரல் 19-ஐ ஒட்டி, சித்திரை தொடக்கத்தில். அப்போது குடை, மோர், நுங்கு என்று எல்லோரும் எச்சரிக்கையாகத்தான் இருக்கிறோம். இன்னொன்று, ஆகஸ்ட் 24-ஐ ஒட்டி, ஆவணி முதல் பாதியில். அன்றும் அதே சூரியன், அதே செங்குத்துக் கதிர். ஆனால் குடை வீட்டில் இருக்கிறது, பிள்ளைகள் விளையாட்டு விழா ஒத்திகைக்கு மைதானத்தில் நிற்கிறார்கள், ஆடிப்பட்டத்தில் விதைத்த காட்டில் களைவெட்டு நடக்கிறது.

ஏன் உறைப்பதில்லை?

பாலக்காட்டுக் கணவாய்தான் காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டர் அகலத்துக்கும் மேலாக விழுந்திருக்கும் அந்த இடைவெளி வழியே தென்மேற்குப் பருவக்காற்று நேராகக் கொங்குச் சீமைக்குள் பாய்கிறது. மழையில் பெரும்பங்கை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, நமக்குக் குளிர்ந்த காற்றையும் விட்டுவிட்டு வரும் மேகத்தையும் தருகிறது. காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் உடம்பு குளுகுளுவென்று இருக்கிறது. ஆனால் தோலைக் கருக்குவது சூடு இல்லை, புற ஊதாக் கதிர். காற்றடித்தால் அது குறையாது. மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுப்பதும் இல்லை. போதாக்குறைக்கு, வெப்பமண்டலத்தின் மேல் ஓசோன் படலம் இயல்பிலேயே மெல்லியது.

இந்தக் கதிரை அளக்கும் குறியீட்டில் 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும். 11-ஐத் தொட்டால் உச்சகட்ட ஆபத்து. 2025 மார்ச்சில் பாலக்காட்டில் குறியீடு 11-ஐத் தொட, கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தது. பாலக்காடு நமக்கு ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான். அங்கே அடிக்கிற கதிர் மாநில எல்லையில் வாளையார் சோதனைச்சாவடியைப் பார்த்துத் திரும்பிப் போய்விடாது.

மார்கழியும் விதிவிலக்கில்லை

லண்டனில் டிசம்பர் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரிதான் ஏறும். அங்கே அது பெயருக்குத்தான் வெயில். கோவையில் அதே நாளில் 55 டிகிரி. அதாவது, நம் மார்கழி உச்சிவெயில் லண்டனில் ஆகஸ்ட் தொடக்கத்தில் அடிக்கிற வெயிலின் உயரத்தில் நிற்கிறது. நம் ஊரில் பருவங்களைப் பிரிப்பது மழையும் காற்றும். சூரியன் வருடம் முழுக்க உயரத்தில்தான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு லண்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் வரும் பேரன் பேத்திகளை "குளிர்காலம்தானே" என்று நாள் முழுக்க வெளியே விட்டுவிடாதீர்கள்.

மெல்போர்னில் இருக்கும் மகளைப் பார்க்க ஜனவரியில் கிளம்புகிறவர்களும் உஷார்! அங்கே அப்போது உச்சக் கோடை. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதும் ஜனவரி முதல் வாரத்தில்தான். தெர்மாமீட்டர் 22 டிகிரிதான் காட்டுகிறது என்று வெறுந்தலையோடு நடைப்பயிற்சி போனால் மாலைக்குள் முகம் எரியும்.

ஊட்டிக்குப் போனால் இன்னும் மோசம்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுவது ஏறக்குறைய 1,900 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குளிரில் நடுங்கும்போதே, கீழே அடிப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான கதிர் கன்னத்தில் விழுகிறது. ஊருக்குத் திரும்பியதும் மூக்கும் கன்னமும் தோலுரிவது பனியால் மட்டும் என்று நினைக்காதீர்கள். குளிரும் இனி உத்தரவாதமில்லை: 2024 ஏப்ரல் 28 அன்று ஊட்டியிலேயே 29 டிகிரி பதிவானது.

கண் பத்திரம்!

"நம்ம கறுத்த தோலுக்கு ஒண்ணும் ஆகாது" என்பது பாதி உண்மை. வெள்ளைத் தோல்காரர்களுக்கு வருகிற அளவுக்குத் தோல் புற்றுநோய் நமக்கு வராது. ஆனால் மங்கு வரும், தோல் சீக்கிரம் சுருங்கும். கண்ணுக்கோ அந்தக் கவசமும் இல்லை. வருடக்கணக்காக வெயிலில் நிற்பவர்களுக்குக் கண்ணில் சதை வளர்வதற்கும், புரை முன்கூட்டியே விழுவதற்கும் இந்தக் கதிர் முக்கியக் காரணம்.

களைவெட்டும் அம்மணிகளைக் கவனியுங்கள். சேலைக்கு மேல் முழுக்கை ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் சும்மாடுபோல் சுற்றிய துண்டு. கைக்கும் உச்சந்தலைக்கும் இதைவிட நல்ல காப்பு கிடையாது. ஆனால் துண்டுக்கு முன்பக்க விளிம்பு இல்லை. நெற்றிக்குக் கீழே கண்ணும் கன்னமும் திறந்தே கிடக்கின்றன. கடையில் கிடைக்கும் ஓலைத் தொப்பி ஒன்று அந்தக் குறையைத் தீர்க்கும்.

உடனே செய்ய வேண்டியவை

- தெர்மாமீட்டரைப் பார்க்காதீர்கள், நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை. கோவையில் சித்திரையிலும் ஆவணியிலும் காலை ஒன்பதேகாலிலிருந்து மாலை மூன்றரை வரை இந்த நிலைதான். மார்கழியில்கூடப் பத்தரையிலிருந்து இரண்டேகால் வரை.

- நம் ஊர் உச்சிவேளை 12 மணி இல்லை, 12.20-ஐ ஒட்டி. பள்ளிகள் ஒத்திகையையும் விளையாட்டுப் போட்டியையும் ஒன்பது மணிக்குள் முடியுங்கள், அல்லது நாலு மணிக்குமேல் வையுங்கள்.

- ரோட்டோரத்தில் வாங்கும் வெறும் கறுப்புக் கண்ணாடி வேண்டாம். இருட்டில் கண்மணி விரியும். கதிரைத் தடுக்காத கண்ணாடியென்றால் உள்ளே இன்னும் அதிகமாக நுழையும். 'யுவி 400' என்று போட்டிருப்பதைக் கண்ணாடிக் கடையில் சோதித்து வாங்குங்கள்.

- டூவீலரில் போகிறவர்கள் முழுக்கை போடுங்கள். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கியே ஓட்டுங்கள்.

- சன்ஸ்கிரீன் பூசினால் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள்.

- கண்ணின் வெள்ளையில் சதை படர்வது தெரிந்தால் சொட்டுமருந்தை நீங்களாக வாங்கி ஊற்றாமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

சித்திரைக்கு எடுத்த குடையை ஆனியில் பரண்மேல் போடும் பழக்கத்தை இந்த வருடத்தோடு விட்டுவிடுங்கள். ஐப்பசி அடைமழை தாண்டி மார்கழியிலும் அது கைக்கெட்டும் இடத்தில் தொங்கட்டும்.