உறையின் பின்பக்கம்

முப்பத்தொரு ஆண்டுகள் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தேன். நான் விரும்பி நடத்திய பாடம் ஒன்றுண்டு. விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாதபோது சந்தை எவ்வாறு பழுதடைகிறது என்பதே அது. பழைய கார் விற்பனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு 1970-இல் இதை விளக்கிய ஜார்ஜ் அகர்லாஃப், 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதை இத்தனை காலம் கரும்பலகையில் எழுதிக்காட்டிய நான், ஓய்வுக்குப் பின் நான்கு ஆண்டுகள், 'கேழ்வரகு' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த பிஸ்கட்டை நம்பி மாலைதோறும் தேநீருடன் உண்டு வந்தேன்.

சென்ற ஆண்டு ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டிருந்தது. உணவுப் பழக்கத்தை விசாரித்த மருத்துவரிடம் கேழ்வரகு பிஸ்கட்டைப் பற்றிச் சற்றுப் பெருமையாகவே கூறினேன். "பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்திருக்கிறீர்களா, சார்?" என்றார். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியின் துணையுடன் படித்தேன். முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, பிறகு பாமாயில். கேழ்வரகு நான்காம் இடத்தில், 7 விழுக்காடு என்ற குறிப்புடன் ஒதுங்கியிருந்தது.

அந்த நிறுவனம் பொய் சொல்லவில்லை. சேர்மானப் பொருள்களை எடையின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி, அதன்படியே அச்சிட்டிருந்தார்கள். படிக்காதது என் பிழை. எனவே, முதல் மூன்று பெயர்களே அந்தப் பண்டத்தின் உண்மையான பெயர் என்று கொள்வதில் தவறில்லை. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப் என இனிப்பைப் பல பெயர்களில் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். கூட்டிப் பார்த்தால்தான் அதன் இடம் தெரியும்.

அடுத்தது ஊட்டச்சத்து அட்டவணை. இதில் 100 கிராமுக்கு உரிய அளவும், ஒரு முறை உண்ணும் அளவுக்கு உரிய கணக்கும் இருக்கும். முன்னதை மட்டுமே நான் பார்க்கிறேன். காய்கறிக் கடையில் 'கிலோ என்ன விலை' என்றுதானே கேட்கிறோம்? கூறு கட்டி வைத்ததை அப்படியே ஒப்பிட முடியாது. ஒரு முறை உண்ணும் அளவு என்பது நிறுவனம் கட்டிய கூறு. இரண்டு பிஸ்கட் என்று போட்டிருப்பார்கள். இரண்டோடு எழுந்தவர் யார்?

பாலில் கலக்கும் மாவு ஒன்றில் 100 கிராமுக்கு 32 கிராம் சர்க்கரை என்றிருந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! 20 கிராம் மாவுக்கு 6.4 கிராம் என்று படிக்கும்போது அது சிறிதாகத் தோன்றுகிறது. குழந்தைக்கு இருவேளை, அதுவும் குவித்த கரண்டியில், போதாததற்கு மேலே ஒரு கரண்டி சர்க்கரை என்பதுதான் நம் வீட்டு நடைமுறை. 'ஆரோக்கிய பானம்' என்றொரு வகை நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்படவே இல்லை. இதைச் சுட்டிக்காட்டி, அந்தத் தலைப்பின் கீழ் இத்தகைய பானங்களை விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணையவழி வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

உப்பு அட்டவணையில் 'சோடியம்' என்ற பெயரில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு, உச்ச வரம்பு. என் பேரன் விரும்பும் நூடுல்ஸில் 100 கிராமுக்கு 1,100 மில்லிகிராம் இருக்கிறது. 70 கிராம் பாக்கெட் ஒன்றை முடித்தால் நாளின் வரம்பில் ஐந்தில் இரண்டு பங்கு அநேகமாகத் தீர்ந்துவிடும். ஊறுகாயும் அப்பளமும் இன்னும் கணக்கில் வரவில்லை.

முன்பக்க வாசகங்களை நான் இப்போது படிப்பதே இல்லை. கடலை எண்ணெய் டின்னில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று பெருமையாக அச்சிடுகிறார்கள். தாவர எண்ணெய் எதிலும் அது கணக்கில் கொள்ளும் அளவுக்கு இருப்பதில்லை. தயிரில் எலும்பு இல்லை என்று விளம்பரம் செய்வதைப் போன்றதுதான் இது.

இவ்வளவும் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவருக்கு. உறையின் மீது விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி. தமிழ் நிறுவனத்தின் விருப்பம். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா, அந்தப் பால் மாவு டப்பாவைக் காட்டி, "சார், இது பிள்ளைக்கு நல்லதுங்களா?" என்று கேட்டார். ஓடும் சிறுவனின் படம் அவருக்குப் புரிகிறது, பின்பக்கம் புரியவில்லை. தம் கூலியில் கணிசமான பகுதியைக் கொடுத்து அதை வாங்கியிருந்தார்.

சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, சோடியம், நிறைகொழுப்பு, கலோரி மிகுந்த பண்டங்களின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண எச்சரிக்கை இடம்பெறுகிறது. நம் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022-இல் வெளியிட்ட வரைவோ நட்சத்திரக் குறியீட்டை முன்வைத்தது. இதை என்னால் ஏற்க இயலவில்லை. நட்சத்திரம் பாராட்டும் மொழி. சர்க்கரை மிகுந்த பண்டத்துக்கும் ஒன்றரை நட்சத்திரம் கிடைத்தால் அது பரிசுபோலவே தோன்றும். 2025-இல் உச்சநீதிமன்றம் இதற்கான பரிந்துரைகளை அளிக்கக் காலக்கெடு விதித்தது. எந்தக் குறியீடு வந்தாலும், அந்த அம்மாவுக்கு அது எழுத்துக்கூட்டாமல் புரிய வேண்டும்.

அதுவரை என்னால் இயன்றதாக, சர்க்கரையின் ஆங்கிலப் பெயர்களைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். மறுவாரம் கடையிலிருந்து ஒரு கேக் பாக்கெட்டைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தார். இரண்டாவது பெயரைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்.