ஏரியை மூடும் பச்சைப் பாய்

உலகில் இல்லாத பொருளுக்கு உதாரணம் வேண்டுமானால் தர்க்க சாஸ்திரிகள் முயற்கொம்பு என்பார்கள். அல்லது ஆகாயத் தாமரை என்பார்கள். இன்று நம் ஊர்களில் எத்தனையோ ஏரிக்கரைகளில் நின்று பார்த்தால், இல்லாத பொருளின் பெயரைத் தாங்கிய ஒரு செடி, ஜலம் கண்ணுக்குத் தெரியாதபடி கரைக்குக் கரை நிறைந்திருப்பதைக் காணலாம். (நமது வைத்திய நூல்கள் ஆகாயத் தாமரை என்று கூறுவது வேறொரு சிறு செடி. இது வெங்காயத் தாமரை. காம்பின் அடி வெங்காயம்போல் பருத்திருப்பதால் வந்த பெயர்.)

இதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேஸான் நதிப் பிரதேசம். எந்த அந்நியனும் படையெடுத்து வந்து இதை நம்மேல் சுமத்தவில்லை. இதன் ஊதாப் பூவின் அழகில் மயங்கியவர்களே தோட்டத் தொட்டிகளுக்கென்று வரவழைத்துக் கொண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தை அடைந்த இச்செடி, சில பத்தாண்டுகளுக்குள் அங்கே கால்வாய்களில் படகு செல்லவொட்டாமல் அடைத்துவிட்டது. 1936-இல் இதை ஒழிப்பதற்கென்றே அம்மாகாணத்தில் ஒரு சட்டம் பிறந்தது. மறு வருஷத்துத் தேர்தலில், மற்ற எதிலும் ஒத்துப்போகாத கட்சிகள் இதை ஒழிப்போம் என்று வாக்களிப்பதில் மட்டும் ஒன்றுபட்டன. ஒரு பூண்டுக்குக் கிடைத்த அரசியல் கௌரவம் அது!

காம்பினுள் காற்றறைகள் இருப்பதால் செடி மிதக்கிறது. தாய்ச்செடி பக்கவாட்டில் தண்டு விட்டுக் கன்றுகளை ஈனுகிறது. சத்துள்ள நீரும் வெயிலும் வாய்த்தால் இரண்டே வாரங்களில் இருமடங்காகும். விதையோ சேற்றினுள் பல வருஷம் உறங்கிக் கிடந்து பின்னர் முளைக்கும். மேலே பச்சைப் பாய் விரிந்தபின் கீழே வெளிச்சம் ஏது? நீரில் பிராணவாயு குறைகிறது; மீன் திணறுகிறது; அல்லியும் ஆம்பலும் மறைகின்றன. மான்ஸோனியா என்னும் கொசுவின் புழு இச்செடியின் வேரில் தன் குழலைச் செருகி அதன் வழியே மூச்சு வாங்குகிறது. யானைக்கால் நோயில் ஒரு வகையைப் பரப்புவது அந்தக் கொசுதான்.

சென்னையில் வருஷந்தோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் ராட்சத இயந்திரங்கள் கால்வாய்களில் இறங்கி இதை வாரிக் கரையில் குவிக்கின்றன. மறு வருஷமும் அதே காட்சி. கோயம்புத்தூரில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம் ஆகியவையும் இக்கதைக்கு விலக்கல்ல. ஏன் இப்படி? செடியை எடுக்கிறோம்; அதற்கு உணவூட்டும் சாக்கடையை நிறுத்துகிறோமில்லை. நம் வீட்டுக் கழிவுநீரிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்துமே அதற்கு விருந்து. ஏரிக்குள் சாக்கடையைத் திறந்துவிட்டுச் செடியின்மேல் பழி போடுவது, பண்டத்தை வாசலில் வைத்துவிட்டு எறும்பைத் திட்டுவது போலாகும்.

இதைத் தின்னும் கூன்வண்டுகளை 1980-களின் தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து தருவித்து, நன்கு பரிசோதித்து, பெங்களூர் ஏரிகளில் விட்டார்கள். சில வருஷங்களில் அங்கே செடி வெகுவாகக் குறைந்தது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலும் இவ்வண்டுகள் பெரிதும் உதவின. ஆயினும் சாக்கடை மிகுந்த நீரில், வண்டு தின்னும் வேகத்தைச் செடி வளரும் வேகம் தோற்கடித்துவிடுகிறது.

ஏரியைக் காப்பதை நமக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலையால் ஆறு பேரை ஏரி வாரியத்துக்குத் தேர்ந்த விதத்தைச் சொல்கின்றன. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை. பின்னாளில் குடிமராமத்து என்ற வழக்கமும் இருந்தது. ஏரி சர்க்கார் இலாகாவின் சொத்தென்று ஆனதும் ஜனங்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். 2017-இல் தமிழக அரசு அப்பழம்பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கியது. பெயர் மீண்டது நல்லதே. ஒவ்வோர் ஊரிலும் கணக்குக் கேட்கும் ஆறு பேரும் மீள வேண்டுமென்பது நம் அபிப்பிராயம்.

வீட்டிலிருப்போர்க்கும் இதில் பங்குண்டு. கண்ணாடித் தொட்டியில் வளர்த்த மீன் அலுத்துப்போனால், ஜீவகாருண்யமென்று எண்ணி ஏரியிலோ கோவில் குளத்திலோ விடுகிறார்கள். தொட்டியின் பாசியைத் தின்பதற்காக வாங்கும் ‘டாங்க் கிளீனர்’ மீன் இவ்வாறே நம் நீர்நிலைகளில் குடிபுகுந்துவிட்டது. அது கரையைக் குடைந்து வளை செய்கிறது, அதன் முரட்டு முள்ளில் சிக்கி வலை கிழிகிறது, வாங்குவோரும் இல்லை. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். தொட்டிச் செடியைக் குளத்தில் எறியாமல் வெயிலில் காயவிடலாம்.

வாரும் வேலையில் ஒரு நுணுக்கம் உண்டு. மழை வாசலில் நிற்கும்போது அவசரப்படுவதைவிட, நீர் வற்றிய கோடையில், செடி பூத்து விதைக்குமுன் எடுப்பதே உசிதம். பச்சைச் செடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜலமாதலால் வண்டிச் சத்தம் அதிகம். ஆகையால் முதலில் காயவைத்துப் பிறகு மக்கவிட்டு எருவாக்கலாம். சாயக்கழிவு கலக்கும் ஏரியானால் அந்த எரு காய்கறிக்கு ஆகாது. குவியலைக் கரையின் உட்சரிவில் போடாமல் வெளிப்புறத்தில் போட வேண்டும். உட்சரிவில் நான்கு கன்றுகள் உயிரோடு தங்கினால், முதல் மழையிலேயே அவை ஏரிக்குத் திரும்பிவிடும்.