சிக்னலில் நிற்கும் கார் ஏன் உதறுகிறது?

நான்கு சிலிண்டரில் ஒன்று எரியாமல் விட்டால் எஞ்சின் நொண்டும். அதுதான் மிஸ்ஃபயர்.

உங்கள் வீட்டு கேஸ் லைட்டரை நினையுங்கள். முனையில் பொறி தாவினால்தான் அடுப்பு பற்றும். ஸ்பார்க் பிளக்கும் அப்படியே. தாண்ட வேண்டிய இடைவெளி சுமார் 1 மில்லிமீட்டர். பேட்டரி தருவதோ 12 வோல்ட். அதை 20,000 வோல்ட் அளவுக்கு ஏற்றுவது காயில். முனை தேய்ந்து இடைவெளி அகன்றால் பொறி தவறும்.

பழுது பிளக்கிலா, காயிலிலா? எந்த சிலிண்டர் என்று ஸ்கேனர் சொல்லிவிடும். சிலிண்டருக்கொரு காயில் உள்ள வண்டியென்றால், எஞ்சின் ஆறியபின் அந்தக் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் காயில்தான். போகாவிட்டால் முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

புதுப் பிளக்கைக் கையாலேயே திருகித் தொடங்குங்கள். எடுத்ததும் ஸ்பேனரால் முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். அந்தச் செலவுக்குப் பல செட் பிளக் வாங்கலாம்!